களிம்பும் காசாகும்! செம்புத் தகட்டுக்கு நிறம் ஏற்றுவோம்



ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறும். அது விஷம். ஆனால் அதே களிம்பை நாமே பக்குவமாக ஏற்றினால், சுவரில் மாட்டும் செம்புப் படத்துக்குத் தனி அழகு வரும். நியூயார்க்கில் 1886-இல் திறக்கப்பட்ட சுதந்திர தேவி சிலையும் செம்புத் தகடுதான். காற்றும் மழையும் பட்டு அது முழுவதும் பச்சையாகப் பல வருஷம் ஆனது. நமக்குச் சில நாள் போதும்.

முதல் வேலை: தகட்டைப் புளி, உப்பு போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பிறகு விரல் படக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது.

பழுப்பு நிறம்: முட்டையை நன்றாக அவித்து, சூட்டோடு இரண்டாக வெட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். முட்டை மேலே படாமல் தகட்டையும் வைத்து மூடுங்கள். முட்டையிலிருந்து வரும் கந்தக ஆவி செம்பைக் கறுக்க வைக்கும். அரைமணிக்கு ஒருதரம் பாருங்கள். வேண்டிய நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். அந்த முட்டையை யாரும் சாப்பிட வேண்டாம்.

பச்சை நிறம்: ஒரு டம்ளர் வினிகரில் இரண்டு ஸ்பூன் உப்பைக் கரைத்து, மரத்தூளில் பிசிறுங்கள். தகட்டை அதற்குள் புதைத்து, டப்பாவை மூடி, 1 முதல் 3 நாள் வையுங்கள். எடுத்ததும் துடைக்காமல் நிழலில் காயவிடுங்கள். காயக் காயத்தான் பச்சை தெரியும். கடைசியில் தேன்மெழுகை மெல்லிசாகத் தடவினால் நிறம் உதிராது.

கட்டாயம் கவனிக்க:

1. குடம், டம்ளர், தட்டு, குழந்தை விளையாட்டுச் சாமான் எதற்கும் இந்த நிறம் ஏற்றாதீர்கள். மெழுகு பூசினாலும் கூடாது. வாங்குபவரிடமும் "இது அலங்காரத்துக்கு மட்டும்" என்று சொல்லி விற்கணும்.
2. ரப்பர் கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சமையலறை வேண்டாம்.
3. வினிகரோடு பிளீச்சிங் பவுடர் சேரவே கூடாது. மூச்சை அடைக்கும் விஷவாயு வரும்.
4. மீந்த கரைசலைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குளத்திலும் கொட்டாதீர்கள், மீன் செத்துவிடும்.

முதலில் துண்டுத் தகட்டில் செய்து பார்த்து, எத்தனை மணி நேரத்தில் என்ன நிறம் வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை ஒரே மாதிரி வர அதுதான் உதவும்.

குழுக் கூட்டத்தில் பேச: தகடு, மெழுகு, நம் கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு படத்துக்கு அடக்கம் என்ன? என்ன விலை வைக்கலாம்?