அரோமாதெரபி மசாஜ்: படுக்கும் முன் பேசிவிடுங்கள்

ஜொகூரின் லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு எண்ணெய் புதிதல்ல. தீபாவளிக்கு நல்லெண்ணெய்க் குளியல், சுளுக்கு விழுந்தால் உருவி விட ஒரு பாட்டி, தலை கனத்தால் கோடாலித் தைலம். அந்தப் பழக்கத்தில்தான் பலர் அரோமாதெரபி மசாஜுக்கும் போகிறார்கள், தெரிந்த விஷயம்தானே என்று. அங்கே எது நடக்கும், எது நடக்காது என்று பார்ப்போம்.

நம்பிக்கை: நம் எண்ணெய்த் தேய்ப்புதான், பெயர் மட்டும் புதுசு.

உண்மை: நல்லெண்ணெய் எள்ளை ஆட்டி எடுப்பது; அப்படியே பூசலாம். அரோமாதெரபியில் அதைப் போன்ற எண்ணெய் அடிப்படை மட்டுமே. அதில் கலக்கப்படும் லாவெண்டர், யூகலிப்டஸ் போன்றவை இலையையும் பூவையும் நீராவியில் வடித்து எடுத்த சாரம். பிரெஞ்சு வேதியியலாளர் கட்ஃபோசே 1937இல் எழுதிய நூலில்தான் இம்முறைக்கு அரோமாதெரபி என்ற பெயர் வந்தது. சாரம் செறிவானது என்பதால் உடம்புக்குப் பொதுவாக 2 சதவீதமே கலப்பார்கள்: 30 மில்லி எண்ணெய்க்குச் சுமார் 12 சொட்டு. வயதானவர்களுக்கும் மென்மையான தோலுக்கும் அதில் பாதி போதும். வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று கூடுதலாகக் கேட்டு வாங்கினால், தோல் எரிச்சல்தான் மிஞ்சும்.

நம்பிக்கை: துணியெல்லாம் களைய வேண்டும், கூச்சமாக இருக்கும்.

உண்மை: முறையான இடத்தில் முதலில் நடப்பது பேச்சு. நோய், மாத்திரை, ஒவ்வாமை எல்லாம் கேட்டு எழுதிக்கொள்வார்கள். இரண்டு மூன்று வாசனைகளை முகர்ந்து பார்க்கத் தருவார்கள். பிறகு மசாஜ் செய்பவர் வெளியே போனதும், உங்களுக்கு ஒப்பும் அளவு உடை களைந்து, துண்டைப் போர்த்திக் குப்புறப் படுக்கலாம். கை வைக்கும் இடம் மட்டும் திறக்கப்படும்; முதுகு முடிந்ததும் மூடிவிட்டுக் காலுக்குப் போவார்கள். பெண்ணுக்குப் பெண்தான் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லலாம். பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்தச் சொல்வதும் உங்கள் உரிமை.

நம்பிக்கை: இயற்கைப் பொருள், பக்க விளைவே கிடையாது.

உண்மை: வலித் தைலங்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட்டும், விண்டர்கிரீன் எண்ணெயும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும். பெர்கமாட் சாரம் பூசிய தோலில் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பலாம். மசாஜ் முடித்து மதிய வெயிலில் மோட்டார் ஓட்டிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகள் மறைக்காமல் சொல்ல வேண்டும். மீந்த சாரத்தை வீட்டுக்கு வாங்கினால் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். யூகலிப்டஸ் எண்ணெயைச் சிறிதளவு குடித்தாலும் வலிப்பு வரை போகும்.

நம்பிக்கை: வலிக்க வலிக்க அமுக்கினால்தான் உடம்பிலுள்ள நச்சு இறங்கும்.

உண்மை: கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்; அதை விரலால் பிழிந்து எடுக்க முடியாது. அரோமாதெரபி மசாஜ் மென்மையான நீண்ட தடவல். வலித்தால் உடனே சொல்லுங்கள். ஆனால் நீரிழிவு உள்ள சிலருக்கு அந்த வலியே தெரியாது. மலேசியாவின் 2019 தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்குச் சூடான துண்டு சுட்டாலும் தெரியாது. ஒரு காலின் ஆடுசதை மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் மசாஜுக்குப் போகாதீர்கள். இரத்தக் கட்டியாக இருக்கலாம். கிளினிக்குக்குப் போங்கள்.

நம்பிக்கை: பலகையில் தெரபி என்று எழுதியிருக்கிறது, நோய் குணமாகும்.

உண்மை: 2016இன் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம் அங்கீகரிக்கும் துறைகளில் இந்திய, மலாய், சீன மருத்துவங்கள் உண்டு, அரோமாதெரபி தனித் துறையாக இல்லை. கடைக்கு ஊராட்சி மன்ற உரிமம் இருப்பது வியாபாரத்துக்கான அனுமதி, வைத்தியத்துக்கான சான்று அல்ல. அரசு வழியில் மசாஜ் சிகிச்சை வேண்டுவோருக்கு ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு உண்டு. அதற்கு மருத்துவரின் பரிந்துரை தேவை.

அப்படியென்றால் காசு வீணா? இல்லை. ஒரு மணி நேரம் உடம்பு தளரும், மன இறுக்கம் குறையும், முதுகுவலி சில நாள் அடங்கலாம். அந்த எதிர்பார்ப்போடு போகிறவருக்கு ஏமாற்றமில்லை. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.