அரசு லேப்டாப்பில் நெட் வரலையா?

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் ராசிபுரம், சங்ககிரிப் பக்கம் இன்னும் ஓடுகின்றன. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸுடன் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. பழைய மெஷினுக்கு லினக்ஸ்தான் தோது.

வைஃபை காணோமா? கீபோர்டில் ஆன்டெனா படம் போட்ட பட்டன் கைபட்டு அணைந்திருக்கலாம். டெர்மினலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கட்டளை கொடுங்கள். 'ஹார்டு பிளாக்டு' என்பதற்கு நேரே 'யெஸ்' என்றிருந்தால் பெரும்பாலும் அந்தப் பட்டன்தான் காரணம். டிரைவரே இல்லையென்றால், செல்போனை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் லினக்ஸ் உடனே எடுத்துக்கொள்ளும். அதிலேயே டிரைவரை இறக்கிவிடலாம்.

வைஃபை இருந்தும் தளம் திறக்கவில்லையா? 8.8.8.8-க்கு பிங் கொடுங்கள். பதில் வந்தால் லைன் சரி, டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். அதற்கும் முன்னால் தேதியைப் பாருங்கள்! மதர்போர்டு செல் தீர்ந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். பேங்க் தளம் 'பாதுகாப்பில்லை' என்று அடம்பிடிக்கும். டெஸ்க்டாப் என்றால் பெரும்பாலும் சிஆர்2032 செல்தான், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

நெட் தவிர இன்னொரு தொல்லை: நாமக்கல் கோழிப்பண்ணை ஆபீஸ் கம்ப்யூட்டர் தானாக அணைந்தால் லினக்ஸைத் திட்டாதீர்கள். தீவனத் தூசி ஃபேனை அடைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், ஈரத்துணி வேண்டாம்.