இயற்பியல் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு

1. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே! நினைத்த படிப்பு கிடைக்காமல் இங்கு வந்தவர்கள் உங்களில் பலர். அந்த வருத்தத்தை முதல் மாதத்தோடு விட்டுவிடுங்கள்.

2. செய்முறை வகுப்பைத் தட்டிக்கழிக்காதீர்கள். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து அளவுகளை எழுதும் பழக்கம் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறது. அது உங்களுக்கு வேண்டாம். திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, நீங்கள் தொடும் அதே ஸ்பெக்ட்ரோமீட்டரில்தான் முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். ஒளி மிகச் சாய்வாக விழுந்தபோது இருபுறமும் ஒத்துப்போகாத பட்டைகள் தெரிந்தன. பாடத்தில் இல்லாததை ஒதுக்காமல் தொடர்ந்து பார்த்தார். 1906-இல் லண்டனின் 'பிலசாபிகல் மேகசின்' அதை வெளியிட்டது. அதுவே அவருடைய முதல் கட்டுரை.

நீங்களும் பாருங்கள். கீற்றணியை வைத்து, பிளவை நன்றாகக் குறுக்கி, சோடியம் விளக்கை இரண்டாம் வரிசையில் நோக்கினால் ஒற்றை மஞ்சள் கோடு இரண்டாகப் பிரியும்: 589.0, 589.6 நானோமீட்டர். இரண்டையும் தனித்தனியாகக் கண்ட பிறகு வெர்னியரைப் படியுங்கள்.

3. கணிதம் இல்லாமல் முடியாது. வகைக்கெழுவும் தொகையிடலும் கை பழகும்வரை தினமும் போடுங்கள்.

4. தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டு மிரள வேண்டாம். சமன்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படித்தாலும் போதும், ஆனால் கைடு மட்டும் கூடாது.

5. நம் ஊர்ப் பொருள்களிலும் பாடம் இருக்கிறது. வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வெண்ணைப் போல் 1.59, 2.14 மடங்கு என்று முழு எண்ணில் சேராமல் நிற்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் சோறும் கல்பொடியும் பிசைந்து அடுக்கடுக்காகத் தேய்த்த கரணை, நடுவில் எடை கூட்டி, அவற்றை முழு மடங்குகளுக்கு அருகில் கொண்டுவருகிறது. இதையும் ராமன்தான் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். தஞ்சையில் மிருதங்கம் கட்டுபவர்களிடம் ஒருநாள் போய், அந்த வேலையை அருகிலிருந்து பாருங்கள்.

6. மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு எழுதுங்கள். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர அதுதான் வழி. பெண்பிள்ளையை வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இடம் கிடைத்தால் அனுப்பிவையுங்கள்.