கைக்குழந்தையோடு ஜவ்வாது மலையில் நான்கு நாள்: சில பயனுள்ள குறிப்புகள்

ஊருக்குள் ஒரு நண்பர் வீட்டுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், மறந்துபோனதைத் தெருமுனைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். மலைமேல் அது நடக்காது. எங்கள் மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது ஜமுனாமரத்தூருக்கு அருகில் இருக்கும் தோழி வீட்டில் நான்கு நாள் தங்கினோம். கற்றுக்கொண்டவற்றை, இந்த விடுமுறையில் மலையேற நினைக்கும் தாய்மார்களுக்காக எழுதுகிறேன்.

1. டிக்கெட்டைப் பார்ப்பதற்கு முன் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசிகளுக்குப் பிறகு ஓரிரு நாள் காய்ச்சல் வருவது வழக்கம். ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்த பிறகு கிளம்புங்கள். அட்டையையும் பையில் வையுங்கள்.

2. போவதற்கு முன் தோழியிடம் நான்கு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இரவில் கரண்ட் நிற்குமா? குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? சமையல் கேஸிலா, விறகடுப்பிலா? வீட்டில் யாருக்காவது இருமல், சளி இருக்கிறதா? கடைசிக் கேள்வியைக் கேட்கத்தான் பலருக்கும் வாய் வராது. குழந்தையை நேசிக்கிறவர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

3. காரில் போனால் முன் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரவே கூடாது. பின் இருக்கையில், பின்பக்கம் பார்த்தபடி பொருத்தும் குழந்தை இருக்கைதான் பாதுகாப்பு. ஜெர்மனியில் 12 வயதோ 150 செ.மீ. உயரமோ ஆகும்வரை குழந்தைகளைத் தனி இருக்கையில்தான் காரில் உட்காரவைக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே நண்பர் வீட்டுக்குப் போகிறவர்கள்கூட முதலில் இதைத்தான் ஏற்பாடு செய்வார்கள். வளைந்து வளைந்து ஏறும் நம் மலைப்பாதையில் அதன் தேவை இன்னும் அதிகம்.

4. கொண்டை ஊசி வளைவில் குழந்தை வாந்தி எடுக்குமோ என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். இரண்டு வயதுக்குள் பயண மயக்கம் அபூர்வம். மயக்கம் வருவது பெரும்பாலும் தாய்க்குத்தான். அதனால் மலையேறும்போது குழந்தையின் பக்கத்தில் கணவரோ மாமியாரோ உட்காரட்டும். நீங்கள் எதிரே தெரியும் பாதையைப் பார்த்தபடி வாருங்கள். ஓடும் வண்டியில் பால் கொடுக்க வேண்டாம். அடிவாரத்தில் இறங்கிப் பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, அரை மணி நேரம் கழித்து ஏறுங்கள்.

5. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது. ஒரு சொட்டும் கூடாது.

ஜவ்வாது மலையில் தேனுக்கும் சாமைக்கும் தனிப் பெயர் உண்டு. வீட்டுக்கு வந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பது அங்கே அன்பின் முதல் அடையாளம். நம் பக்கத்திலும் சேனை வைக்கிற பழக்கம் இருக்கிறதே. ஆனால் தேனில் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அவற்றை வளர விடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல் வரும். பிறகு பால் உறிஞ்ச முடியாமல் போகும், அழுகை பலவீனமாகும், கழுத்து துவளும், மூச்சும் தடுமாறலாம். தேன் சுத்தமானதா, கலப்படமா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காட்டிலிருந்து அன்றே எடுத்த தேனிலும் வித்து இருக்கலாம். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அது சாகாது.

தோழியின் ஆயா கிண்ணத்தோடு வந்தபோது என் கை நடுங்கியது உண்மை. "ஆயா, இவளுக்கு ஒரு வயசு ஆகட்டும். அப்போ இங்கேயே வர்றோம், உங்க கையாலேயே ஊட்டுங்க" என்றேன். ஆயா சிரித்துக்கொண்டே குழந்தையின் நெற்றியைத் தடவிவிட்டுப் போனார். வீட்டுக்கு வாங்கி வந்த தேன் பாட்டிலில் மகளின் முதல் பிறந்தநாள் தேதியை எழுதி ஒட்டினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வீட்டில் வேறு யாரும் மறந்துபோய்க் கொடுக்க மாட்டார்கள்.

6. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். மலை ஊற்றுத் தண்ணீர் எத்தனை தெளிவாக இருந்தாலும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம்.

7. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குச் சாமைக் கஞ்சி நல்ல உணவு. ஆனால் புது உணவைப் பயணத்தில் தொடங்காதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று கொடுத்து, வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மூன்று நாள் பாருங்கள். சாமையைக் கல் இல்லாமல் அரித்து, வறுத்து, நைசாக அரைத்த மாவை டப்பாவில் எடுத்துப் போனால் தோழிக்கும் வேலை குறையும்.

8. பால் பவுடர் கொடுக்கிறவர்கள் கொதித்த தண்ணீரை ஃபிளாஸ்கில் வைத்திருங்கள். தண்ணீர் நல்ல சூடாக, 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்கும்போதே பவுடரைக் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுங்கள். கலக்கி இரண்டு மணி நேரம் ஆன பாலைக் கொட்டிவிடுங்கள். புட்டிக்குப் பதில் பால் சங்கோ சின்னக் கிண்ணமும் ஸ்பூனுமோ கொண்டுபோவது மேல். இடுக்கு இல்லாததால் கழுவுவதும் கொதிக்கவைப்பதும் சுலபம். கறந்த பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஒரு வயதுக்கு முன் கொடுக்க வேண்டாம்.

9. தூங்கவைக்க: பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். விட்டம் இருக்கும் வீட்டில் ஐந்து நிமிடத்தில் தூளி கட்டிவிடலாம். குழந்தையைப் போடுவதற்கு முன் பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள அரிசி மூட்டையை வைத்து ஆட்டிப் பார்த்து முடிச்சைச் சோதியுங்கள். தூளி கண் பார்வையில் இருக்கும்போது மட்டும்தான். இரவில் கெட்டியான பாயில், மல்லாக்காக, தலையணை இல்லாமல், கொசுவலைக்குள் படுக்கவையுங்கள். படுக்கையை விரிப்பதற்கு முன் போர்வைகளை வெளியே உதறுங்கள். தேளோ பூரானோ ஒளிந்திருக்கலாம்.

10. கொசுவுக்கும் சளிக்கும் கற்பூரம் தேய்க்கக் கூடாது. கற்பூரம் கைக்குழந்தைக்கு நஞ்சு, வலிப்பு வரலாம். கற்பூரம் சேர்ந்த தைலங்களும் இரண்டு வயதுக்குள் வேண்டாம். கொசுவலையே போதும்.

11. விறகடுப்பு எரியும் நேரத்தில் குழந்தையைத் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள்.

12. மார்கழி, தை மாதங்களில் மலைமேல் இரவுக் குளிர் கடுமை. கனமான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிய பருத்திச் சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. கைகால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவுசெய்யாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வேர்த்திருந்தால் ஒரு சட்டையைக் கழற்றலாம். குளியல் உச்சி வெயில் ஏறிய பிறகு போதும். ஒரு நாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டாலும் குற்றமில்லை.

13. பழக் காலத்தில் போனால் சீத்தாப்பழக் கொட்டையையும் பலாக்கொட்டையையும் தரையில் விட்டுவைக்காதீர்கள். தவழும் குழந்தைக்கு எல்லாமே வாய்க்குத்தான். தொண்டையில் சிக்கினால் நிமிடங்களில் ஆபத்து.

14. மருந்துப் பை: தெர்மாமீட்டர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், குழந்தையின் எடைக்கு உங்கள் மருத்துவர் அளவு எழுதிக்கொடுத்த பாராசிட்டமால் சொட்டு மருந்து. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் அடித்தால் மருந்து கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ இறங்க வேண்டியிருக்கும். ஆகவே இரவு முற்றட்டும் என்று காத்திருக்காமல் மாலையிலேயே முடிவெடுங்கள். அவசர எண் 108. சில வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. தோழி வீட்டில் எந்த இடத்தில் கிடைக்கிறது என்று முதல் நாளே தெரிந்துவையுங்கள்.

15. காவலூர் வைணு பாப்பு வானாய்வு நிலையத்தைப் பார்க்க ஆசை வரும். வர வேண்டும். 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த நிலையத்தில்தான் 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி அர்ப்பணிக்கப்பட்டது. 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயத்தைப் பதிவுசெய்த இடங்களில் அதுவும் ஒன்று. பார்வை நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இரவில் போவதானால் இருவரில் ஒருவர் குழந்தையோடு வீட்டில் இருங்கள். அடுத்த முறை மற்றவர் போகலாம். இருட்டில், குளிரில், வரிசையில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பது அதற்கும் கஷ்டம், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கஷ்டம்.

16. போகும்போது பொம்மையும் பிஸ்கட்டும் வாங்கிப் போவதைவிட, மலைமேல் என்ன கிடைக்கவில்லை என்று தோழியிடமே கேட்டு அதை வாங்கிப் போங்கள். திரும்பும்போது சாமையோ கடுக்காயோ தேனோ கொடுத்தால் விலை கொடுத்து வாங்குங்கள். அது அவர்கள் உழைப்பு.

17. பயன்படுத்திய டயப்பரை அந்த வீட்டில் போட்டுவிட்டு வராதீர்கள். காட்டோரக் கிராமத்தில் அதை எரிக்கவும் முடியாது, புதைத்தால் மக்காது, வெளியே போட்டால் நாயும் மாடும் இழுக்கும். பகலில் துணி லங்கோடு, இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் டயப்பர் என்று வைத்துக்கொண்டால் நான்கு நாளைக்கு எட்டு, பத்து போதும். அவற்றை இரட்டைப் பையில் கட்டி, தயவுசெய்து உங்களோடு கீழே கொண்டுவந்துவிடுங்கள்.