காரணம் தெரியாத மூக்கெரிச்சல்: வைத்தியரை நாட வேண்டிய வேளை எது?

சென்னையில் மேற்கு மாம்பலம் கொசுவுக்குப் பேர்போன பகுதி. ரயில் பாதைக்குக் கிழக்கே, 1920-களில் பெரிய ஏரியொன்றைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கே குடியேறியவர்களுக்கோ கொசுவும் யானைக்கால் நோயும் நெடுங்காலம் தொல்லை தந்தன. யானைக்கால் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது, கொசு குறையவில்லை. அந்தி விளக்கேற்றும் வேளையில் கொசுவர்த்திச் சுருளையும் சேர்த்து ஏற்றும் வீடுகள் அங்கே இன்றும் பல.

கிராம வளர்ச்சிக்கான ஏட்டில் பட்டணத்துக் கொசுவைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் வியக்கலாம். முன்பு நாம் பணியாற்றிய சிவகங்கைச் சீமையின் ஒன்றியத்தில் பஞ்சாயத்து உறுப்பினராக இருந்த முதியவர் ஒருவர், இப்போது மேற்கு மாம்பலத்தில் தம் மகன் வீட்டில் வசிக்கிறார். அவரைக் காணச் சென்றபோது, ஒரே வீட்டில் இரண்டு மூக்குகள் வருந்தக் கண்டோம். பேரனுக்கு விடியற்காலையில் அடுக்குத் தும்மல், அரிப்பு, நீர்வடிதல். தாத்தாவுக்கு எரிச்சலும் அடைப்பும். இரண்டுக்கும் சுருளின் புகையே காரணம் என்று வீட்டார் முடிவு செய்திருந்தனர். “பட்டணத்துப் புகை, ஐயா. ஊருக்குப் போனால் தானே தீரும்” என்றார் பெரியவர்.

பேரனைப் பொறுத்தவரை அவர்கள் கருத்துச் சரியே. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்ட கட்டுரையொன்று, ஒரு சுருள் எரியும்போது வெளிப்படும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்கு ஈடாகும் என்று கணக்கிட்டது. கதவடைத்த அறையில் இரவெல்லாம் அதைச் சுவாசிக்கும் குழந்தையின் மூக்குப் புண்படாமல் என் செய்யும்? சிறுவனுக்குத் தொல்லை இரு நாசிகளிலும் இருந்தது, கண்ணும் அரித்தது, கோடை விடுமுறையில் வெளியூர் சென்ற பத்து நாட்களில் தும்மலே இல்லை. சுருளை நிறுத்திக் கொசுவலை கட்டி, தலையணை உறையை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து, பதினைந்து நாட்கள் பார்க்கும்படி கூறினோம். நம் கிராமங்களில் இத்தகைய புகைக்கும் தூசுக்கும் பஞ்சமில்லை. விறகடுப்பு, குப்பை எரிப்பு, நெல் தூற்றும் களம், மிளகாய் வற்றல் குவியல், பூச்சிமருந்துத் தெளிப்பு, பார்த்தீனியத்தின் மகரந்தம், மூக்குப்பொடி என ஒவ்வொன்றும் மூக்கின் மெல்லிய சவ்வை எரிக்க வல்லது. ஆகவே காரணம் தெரியவில்லை என்று சொல்லுமுன், எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த வேலையின்போது, எந்த நாசியில் தொல்லை வருகிறது என்று ஒரு தாளில் பதினைந்து நாட்கள் குறித்து வருவது நலம். பெரும்பாலும் அத்தாளே காரணத்தைக் காட்டிவிடும்.

தாத்தாவின் கணக்கு வேறு. எந்த நாசி என்று கேட்டோம். இடது நாசி மட்டும் என்றார். சென்னைக்கு வந்தபின் தொடங்கியதா என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, மாசிக் களரிக்கு ஊரில் இருந்தபோதே மூக்கைச் சிந்திய துண்டில் ரத்தம் பட்டதாகவும், வெயிலின் சூடு என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். சென்னைக்கு வருமுன்பே ரத்தம் வந்த மூக்குக்குச் சென்னைப் புகை எங்ஙனம் காரணமாகும்? இதற்கிடையில் மருந்துக் கடையில் தாமே வாங்கிய சொட்டு மருந்தை ஐந்து வாரமாக விட்டுவந்திருக்கிறார். ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்ற அச்சொட்டுகளை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் விடலாகாது. விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

மறுநாளே அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லச் செய்தோம். குழாய்க்கருவியால் உள்ளே நோக்கிய வைத்தியர், செந்நிறச் சதையொன்றையும் அதன்மேல் வெள்ளைப் புள்ளிகளையும் கண்டார். அறுத்தெடுத்த சதையைச் சோதித்ததில் ரைனோஸ்போரிடியோசிஸ் என்று உறுதியாயிற்று.

பெயர் புதிதாக இருப்பினும், நோய் நம் நாட்டுக்குப் புதிதன்று. அர்ஜென்டினாவில் செபர் என்பவர் 1900-ல் இதனை விவரித்தார். ஆயினும் உலகில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவது தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமே. நம் மாநிலத்தில் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகள் இதற்கு அறியப்பட்டவை. நெடுங்காலம் இக்கிருமியைக் காளான் வகை என்றே எண்ணினர். மரபணு ஆராய்ச்சியின் பயனாக 1999-ல், மீன்களைத் தாக்கும் சில நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தது என்று வகுத்தனர். தேங்கிய நீரில் மூழ்கிக் குளிப்போரிடமும் ஆற்றுமணல் அள்ளுவோரிடமும் இது அதிகம் காணப்படுவதால், நீரின் வழியே மூக்கின் சிறு கீறலில் புகுவதாகக் கருதுகின்றனர். மாடுகளுக்கும் வரும். மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டுவதாக நிறுவப்படவில்லை. ஆதலால் நோயாளியை ஒதுக்குவது அறிவீனம். மாத்திரை மட்டும் கொண்டு இதனைத் தீர்த்துவிட இயலாது. சதையை நீக்கி, அது முளைத்த அடிப்பாகத்தை மின்சூட்டினால் சுட வேண்டும். அப்படிச் செய்தும் சிலருக்கு மறுபடி முளைப்பதுண்டு. காரம் வைத்துச் சதையை எரிப்பதாகச் சொல்வோரிடம் மூக்கை நீட்டுவது பெரும் ஆபத்து.

ஒரு பக்கத்து மூக்கு மட்டும் தொடர்ந்து அடைபட்டாலோ, அதில் ரத்தமோ துர்நாற்றமோ வந்தாலோ, பதினைந்து நாள் குறிப்பெழுதிக்கொண்டிருக்கலாகாது. உடனே காட்ட வேண்டும். அது சாதாரணச் சதையாக இருக்கலாம். மரத்தூளில் ஆண்டுக்கணக்கில் உழைத்த தச்சருக்குப் புற்றாகவும் இருக்கலாம். குளத்து நீரோடு புகுந்த அட்டை மூக்கினுள் தங்கியிருந்ததும் உண்டு. சிறு குழந்தையானால் புளியங்கொட்டை, பட்டாணி போன்றவற்றை உள்ளே தள்ளியிருக்கும். அது பொம்மையின் பொத்தான் பாட்டரியாக இருந்துவிட்டால், சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும். இரவென்று பாராமல் புறப்பட வேண்டும். மூக்கில் பொருக்கும் ரத்தமும் நீடிக்க, உடலில் உணர்ச்சியற்ற தேமலும் இருப்பின் தொழுநோய்ச் சோதனை அவசியம். அதற்கு இலவசமாக முழுக் குணமளிக்கும் மருந்து உண்டு. நீரிழிவு உடையோருக்குக் கன்னவலி, கண்வீக்கம், மூக்கில் கறுத்த பொருக்கு ஆகியவை தோன்றினால் அன்றே செல்க. 2021-ல் கொரோனாவைத் தொடர்ந்து பரவிய கருப்புப் பூஞ்சை அவ்வாறே தொடங்கிப் பலரின் கண்ணையும் உயிரையும் பறித்தது. தலையில் அடிபட்டபின் ஒரு நாசியில் தெளிந்த நீர் சொட்டுவதும் அவசரமே.

மற்றபடி, இரு நாசியிலும் அரிப்பும் தும்மலும் மட்டும் இருந்து, புகை தூசு விலக்கியும் மூன்று வாரத்தில் தணியாவிடில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால் போதும். வீட்டில் உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதில் பிழையில்லை. ஆனால் அந்நீர் நன்கு கொதித்து ஆறியதாக இருத்தல் வேண்டும். கேரளத்தில் 2024-லும் 2025-லும் நீரிலுள்ள அமீபா மூக்கின் வழியே மூளையை எட்டி உயிர்களை மாய்த்த செய்தியை மறக்கலாகாது. கிணற்று நீரையோ குளத்து நீரையோ அப்படியே மூக்கில் உறிஞ்சும் வழக்கத்தை இன்றே விடுக.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஊருணியில் மாடு குளிப்பாட்டும் துறையும் மனிதர் குளிக்கும் துறையும் ஒன்றாக இருப்பின் பிரித்திடுக. குளிப்பதற்குக் குழாய்நீர் வசதி செய்ய இயலுமாயின் அது இன்னும் மேல்.

பெரியவர் இப்போது நலம். மறுபடி முளைக்கிறதா என்று பார்க்க, வைத்தியர் சொன்ன தவணைகளில் தவறாது சென்று வருகிறார். மேற்கு மாம்பலத்து வீட்டில் கொசுவலை ஏறிவிட்டது. பேரனின் தும்மலும் குறைந்துவிட்டது. சென்ற மாதம் பெரியவர் தொலைபேசியில் அழைத்து, தம் ஊரில் ஒரே கண்மாயில் குளிக்கும் இருவருக்கு மூக்கில் ரத்தம் வருவதாகக் கேள்விப்பட்டு, இருவரையும் தம் தம்பி மகனுடன் மருத்துவமனைக்கு அனுப்பியதாகச் சொன்னார். ஒருவருக்கு வெறும் வறட்சி. களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டனர். மற்றவருக்கு வலது நாசியில் பட்டாணி அளவு சதை. மாசம் இரண்டு ஆனதாம். சிறியதாகையால் எளிதில் எடுத்துவிடலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.