துணைநூற்பட்டியல் பிசகாமல் வர: பயனுள்ள குறிப்புகள்

மலேசியாவின் ரவாங்கில் எங்கள் வீட்டுக்கு ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு வரும். அக்காள் மகள், அடுத்த வரிசை வீட்டுத் தம்பி, கோயிலில் பழக்கமான ஆசிரியை என்று யாராவது ஒருவர். ஆய்வை நன்றாகவே செய்திருப்பார்கள். கடைசிப் பதினைந்து பக்கத்தில், துணைநூற்பட்டியலில், தடுமாறி நிற்பார்கள்.

வரிக்கு நடுவே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குள் காட்டி, முழு விவரத்தைக் கடைசியில் அகரவரிசையில் தரும் முறையைத்தான் இங்கே பெரும்பாலும் கேட்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்ட் மார்க் 1881-இல் ஓட்டில்லா நத்தையைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைக் கையாண்டார். பலர் ‘ஹார்வர்டு முறை’ என்று சொல்வது இதையே. லேட்டெக், பிப்லேட்டெக், ஸோட்டேரோ ஆகிய மென்பொருள்கள் இந்த வேலையை நொடியில் செய்து தரும். ஆனால் அவற்றுக்கு நம் பெயர்கள் தெரியாது, நம் அகரவரிசையும் தெரியாது. நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1. முதல் புத்தகத்தைத் திறந்த அன்றே நூல் விவரக் கோப்பு ஒன்றைத் தொடங்குங்கள். லேட்டெக்கில் அதை ‘பிப்’ கோப்பு என்பார்கள். அஞ்சறைப் பெட்டி போல ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம், ஊர் என ஒவ்வொன்றுக்கும் தனி அறை உண்டு. ஆண்டைத் தலைப்பு அறையில் போட்டால் மென்பொருளால் அதைத் தேடி எடுக்க முடியாது. இயல்களுக்குத் தனித்தனிக் கோப்பு வேண்டாம், ஒன்றே போதும்.

2. நூலகத்தில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள். ஆண்டும் பதிப்பு எண்ணும் பின்பக்கத்தில்தான் இருக்கும். ஓர் ஆண்டைக் குறிக்க மறந்ததற்காக ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, மறுபடியும் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு நாள் முழுதும் அதிலேயே போய்விட்டது.

3. இந்தக் குறிப்பை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள். நம் அடையாள அட்டையில் பெயர் முதலில், பிறகு ‘அ/லெ’ (மகன்) அல்லது ‘அ/பெ’ (மகள்), பிறகு அப்பா பெயர். முனியாண்டி அ/லெ இராமசாமி என்பவர் ஒரு நூல் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரோமன் எழுத்தில் அவர் பெயரை அப்படியே ஆசிரியர் அறையில் தட்டினால், பிப்லேட்டெக்குக்கு முந்தைய பட்டியல் நிரலான பிப்டெக் என்ன செய்யும் தெரியுமா? கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ‘அ/லெ’ சிறிய எழுத்தில் தொடங்குவதால், ஐரோப்பியப் பெயர்களில் வரும் ‘வான்’, ‘ஃபான்’ போன்ற முன்னொட்டு என்று நினைத்துக்கொள்ளும். முனியாண்டி எழுதிய நூல் பட்டியலில் அவருடைய அப்பா பெயரில் போய் உட்கார்ந்துவிடும். உழைத்தவர் ஒருவர், பெயர் வாங்குபவர் இன்னொருவர். இது சின்னப் பிழை அல்ல.

தீர்வு எளிது. முழுப் பெயரையும் இரட்டை நெளிவு அடைப்புக்குள் போடுங்கள். மென்பொருள் அதை உடைக்காமல் ஒரே பெயராக வைத்துக்கொள்ளும். வரிக்கு நடுவே ‘முனியாண்டி’ என்று மட்டும் வர வேண்டுமானால், பிப்லேட்டெக்கில் குறும்பெயருக்கென உள்ள அறையில் அதை எழுதுங்கள்.

4. எல்லாத் தமிழ்ப் பெயர்களுக்கும் ஒரே விதி போட்டுவிடாதீர்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த சின்னப்பா அரசரத்தினம் இலங்கையில் பிறந்தவர். அங்கே அப்பா பெயர் முன்னால் வரும், எனவே அவரை ‘அரசரத்தினம்’ என்று பட்டியலிடுவதே சரி. ‘மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்’ என்ற பொருளில் 1970-இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் நம் பிள்ளைகளின் பட்டியல்களில் தவறாமல் இருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு வந்த மலாயா இந்தியர் குடியேற்ற வரலாற்றின் ஆசிரியர் கெர்னியல் சிங் சந்து. அவருக்குச் சந்து என்பதே குடும்பப் பெயர். சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் நிற்கும், மலாய்ப் பெயர்களில் ‘பின்’னுக்கு முன்னால் இருப்பதுதான் அவரவர் பெயர்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1894-இல் ரவாங் வெள்ளீயச் சுரங்கத்தில் தொழிலதிபர்கள் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கி வைத்தார்கள். மலாயாவில் மின்சாரம் தொடங்கிய இடம் என்று ரவாங்கைச் சொல்வது இதனால்தான். இந்த இருவர் பெயரையும் அப்படியே மென்பொருளிடம் கொடுத்தால் ஒருவர் ‘யூ’ ஆவார், மற்றவர் ‘பிள்ளை’ ஆவார். சரியாக வர வேண்டியவை லோக், தம்புசாமி. ரவாங் பிள்ளைகள் பள்ளிக் கட்டுரையில்கூட இந்த மின்சாரச் செய்தியை எழுதுகிறார்கள், ஆனால் எந்த நூலில் எந்தப் பக்கத்தில் படித்தோம் என்று எழுதுவதில்லை. அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே தொடங்கலாம்.

5. ‘மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம்’ வெளியிட்ட தொகுப்புக்கு அந்தச் சங்கத்தின் பெயரை ஆசிரியர் அறையில் வெறுமனே எழுதினால் வரிக்கு நடுவே (சங்கம், ஆண்டு) என்று வந்து நிற்கும். அமைப்புகளின் பெயருக்கும் இரட்டை அடைப்பு கட்டாயம்.

6. ஒரு நூலுக்கு இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் கோப்புக்குள் அவர்கள் பெயருக்கு நடுவே ‘ஆண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையே போடுங்கள். ‘மற்றும்’ என்றோ காற்புள்ளி என்றோ போட்டால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். அச்சில் தமிழ்ச் சொல் வரவைப்பது தனி வேலை, பன்னிரண்டாம் குறிப்பில் சொல்கிறேன்.

7. தமிழ்த் தலைப்பெழுத்தைக் கவனியுங்கள். மு. வரதராசன் என்பதை ‘வரதராசன், மு.’ என்று காற்புள்ளியோடு எழுதினால் பெயர் சரியாகப் பிரியும். ஆனால் முன்பெயரைச் சுருக்கும் பாணிகளில் பழைய பிப்டெக் தமிழெழுத்தை உடைத்துக் கறுப்புக் கட்டமாக்கிவிடும். சுருக்கும் வசதியை நிறுத்திவிட்டு, தலைப்பெழுத்தை நாமே எழுதுவது பாதுகாப்பானது.

8. ஒருவருக்கு ஒரே எழுத்துக்கூட்டல். தமிழறிஞர் தனிநாயகம் அடிகளாரின் பெயர் ரோமன் எழுத்தில் ஒரே சொல்லாகவும் வரும், இரண்டு சொல்லாகவும் வரும். இரண்டையும் கலந்து எழுதினால் பட்டியலில் இரண்டு பேர் நிற்பார்கள். இரண்டு சொல்லாக எழுதுபவர்கள் ‘தனி’யையும் ‘நாயகம்’ என்பதையும் சேர்த்து அடைப்புக்குள் பூட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் வெறும் நாயகம் ஆகிவிடுவார். ‘அடிகளார்’, ‘டாக்டர்’, ‘டத்தோ’ போன்றவை பட்டியலில் வேண்டாம். கட்டுரைக்குள் மரியாதையோடு எழுதிக்கொள்ளலாம்.

9. ஆண்டு எது என்பதில் நிதானம் தேவை. முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது 1966 ஏப்ரலில். அதன் கட்டுரைத் தொகுதிகள் அச்சானது 1968, 1969-இல். அந்தத் தொகுதியிலிருந்து மேற்கோள் எடுத்தால் அச்சான ஆண்டையே போட வேண்டும், மாநாடு நடந்த ஆண்டைத் தலைப்போடு சேர்த்துக் குறிக்கலாம். மறுபதிப்பைப் படித்தவர்கள், பக்க எண் அந்தப் பதிப்புக்கு உரியது என்பதால், கையிலுள்ள பதிப்பின் ஆண்டையே போட வேண்டும். பிப்லேட்டெக்கில் முதற்பதிப்பு ஆண்டுக்கும் தனி அறை உண்டு. மு. வரதராசனின் ‘தமிழ் இலக்கிய வரலாறு’ 1972-இல் வந்தது. உங்களிடம் இருப்பது பிந்தைய பதிப்பு என்றால் இரண்டு ஆண்டையும் கொடுங்கள்.

திருவள்ளுவர் ஆண்டு மட்டும் அச்சிட்ட நூல்களும் உண்டு. அதிலிருந்து 31-ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். தை முதல் நாளில் ஆண்டு மாறுவதால் மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டே இல்லாத சிறுநூலுக்கு ஊகித்து ஓர் எண்ணைப் போடாதீர்கள். ‘ஆண்டு இல்லை’ என்று எழுதுவதே நேர்மை.

10. ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் இரண்டு நூல் எழுதியிருந்தால் மென்பொருள் தானாகவே ஆண்டுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தைச் சேர்க்கும். தமிழ் ஆய்வேட்டுக்கு 1966அ, 1966ஆ என்று வர வேண்டும். லேட்டெக் கோப்பின் முகப்பில், அதாவது உரைக்கு முந்தைய கட்டளைப் பகுதியில், ஒரே ஒரு கட்டளையை மாற்றினால் போதும். கையால் அ, ஆ போடாதீர்கள். நடுவில் ஒரு நூல் சேர்ந்தால் எல்லாம் குழம்பிப்போகும்.

11. அகரவரிசையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். யூனிகோட் அட்டவணையில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ இருக்கிறது, ‘ர’வுக்கு அடுத்தே ‘ற’ இருக்கிறது. அந்த எண்வரிசைப்படி அடுக்கும் மென்பொருள் மனோகரனை முன்னால் போட்டு மயில்வாகனனைப் பின்னால் தள்ளும். நம் நெடுங்கணக்கில் ‘ய’ முன்னே, ‘ன’ கடைசியில். புள்ளி வைத்த எழுத்திலும் இதே சிக்கல். முத்து முன்னால் வந்து முதலியார் பின்னால் வர வேண்டும், எண்வரிசை அதைத் திருப்பிப்போடும். பழைய பிப்டெக்கை விட்டுவிட்டு, பிப்லேட்டெக்கோடு ‘பைபர்’ என்ற நிரலைப் பயன்படுத்துங்கள். வரிசை மொழி தமிழ் என்று முகப்பில் ஒரு சொல் கொடுத்தால் பைபர் தமிழ் வரிசையிலேயே அடுக்கும். நம் எழுத்துகளின் ஒழுங்கு தொல்காப்பிய காலத்திலிருந்து வருவது. ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் அது குலையக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

12. ‘மற்றும்’, ‘பிறர்’, ‘பதிப்பாசிரியர்’, மாதப் பெயர்கள் ஆகியவை தமிழில் தானாக வாரா. எல்லாச் சொற்களையும் ஒரு பட்டியலாக முகப்பில் எழுதிக்கொடுங்கள். ஒருமுறை எழுதியதைத் தங்கை, தம்பிக்கும் கொடுக்கலாம்.

13. மேற்கோள் கட்டளைகள் இருவகை. ஒன்று பெயரையும் ஆண்டையும் சேர்த்து அடைப்புக்குள் வைக்கும். இன்னொன்று பெயரை வெளியே விட்டு ஆண்டை மட்டும் அடைப்புக்குள் வைக்கும். ஆங்கிலத்துக்கு இவை போதும். தமிழில் வேற்றுமை உருபு இருக்கிறதே! ‘தனிநாயகத்தின் (1966) நோக்கம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் மென்பொருள் ‘தனிநாயகம் (1966)’ என்றுதான் தரும். அப்படிப்பட்ட இடங்களில் ஆண்டை மட்டும் தரும் கட்டளையைப் போட்டு, பெயரை உருபோடு நீங்களே தட்டுங்கள். வாக்கியம் தமிழாக இருக்கும், பட்டியலோடு இணைப்பும் அறாது.

14. எழுத்துருவுக்கு லேட்டெக்கின் ஒரு வகையான ஸீலேட்டெக் வசதியானது. எழுத்துமுறை தமிழ் என்று குறிப்பிடாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். நோட்டோ எழுத்துருக்கள் இலவசம். மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இணைமதி உள்ளேயே இருக்கிறது. அதை வடிவமைத்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். பழைய எழுத்துருவில் தட்டிய குறிப்புகள் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

15. 1924 முதல் 2019 வரை வந்த ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்களில் பல செய்திகளுக்கு எழுதியவர் பெயர் இருக்காது. பல பாணிகளில் அங்கே இதழின் பெயரே ஆசிரியர் இடத்துக்கு வரும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் சிறுகோடு இட்டு எழுதுங்கள். வரிக்கு நடுவே ஆண்டு மட்டும் வரும், பட்டியலில் முழுத் தேதியும் வரும்.

16. தமிழ், மலாய், ஆங்கில நூல்களைத் தனித்தனிப் பகுதியாகக் கேட்டால், ஒவ்வொரு பதிவிலும் மொழியைக் குறிச்சொல்லாகச் சேருங்கள். பட்டியலை அச்சிடும் கட்டளையை ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் தனியாகக் கொடுத்தால் பட்டியல் மூன்றாகப் பிரியும்.

17. ஏபிஏ எனப்படும் மேற்கோள் பாணி நூலின் ஏழாம் பதிப்பு 2019-இல் வந்தது. பழைய ஆய்வேட்டைப் பார்த்து எழுதாதீர்கள். பதிப்பக ஊர் இப்போது தேவையில்லை. மூவர் எழுதிய நூலானால் வரிக்கு நடுவே முதல் தடவையிலேயே ‘முதல் ஆசிரியர் பெயர், பிறர்’ என்று சுருக்கலாம். ஆனாலும் ஊர்ப்பெயரைக் கோப்பில் எழுதியே வையுங்கள், நாளை வேறு பாணி கேட்கலாம்.

18. வரிக்கு நடுவே ஆசிரியர் பெயருக்குப் பதில், கோப்பில் அந்த நூலுக்கு நீங்கள் வைத்த குறியீட்டுப் பெயரே தடித்த எழுத்தில் வந்தால் பயப்படாதீர்கள். லேட்டெக் ஒருமுறை, பைபர் ஒருமுறை, மறுபடி லேட்டெக் இருமுறை ஓட வேண்டும். அப்படியும் அது மாறாவிட்டால் குறியீட்டுப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கும்.

19. வேர்டில் எழுதுபவர்களுக்கு ஸோட்டேரோ போதும், விலையில்லை. அதில் பெயருக்கு ஒரே கட்டமாக மாற்றும் பொத்தான் உண்டு. மூன்றாம் குறிப்பில் சொன்ன இரட்டை அடைப்பின் வேலையை அது செய்யும்.

20. பட்டியல் வேலை நமக்குப் புதிதல்ல. 1966-இல் தனிநாயகம் அடிகளார் தமிழாய்வு நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக அச்சகத்தின் வழி வெளியிட்டார். 1969-இல் இராம சுப்பையா மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தொகுத்து ‘தமிழ் மலேசியானா’வை மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தின் வழி தந்தார். வீட்டுக் கணினியோ ஸோட்டேரோவோ இல்லாத காலத்தில் நடந்த வேலை. அவற்றுக்குப் பின் வந்த எத்தனையோ தோட்டக் கோயில் கும்பாபிஷேக மலர்களும் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்களும் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் கிடக்கின்றன. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று இருந்தால் இன்றே அதன் தலைப்புப் பக்கத்தைப் படம் எடுத்து, ஆசிரியர், ஆண்டு, ஊர் மூன்றையும் குறித்து, ஆய்வேடு எழுதும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள்.