நேர்காணலில் குறிப்பெடுத்தல்: சொன்ன சொல்லை மாற்றாமல்

சமூக அறிவியல் செயல்திட்டத்துக்காக, எங்கள் ஊர்க் கண்மாயில் நீண்ட காலம் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவரைச் சந்திக்க ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அழைத்துச் சென்றேன். மடையைத் திறந்து அடைத்து வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டுத் தருபவரே நீர்பாய்ச்சி. ஒரு மாணவி கேள்வி கேட்டாள், இன்னொருத்தி எழுதினாள்.

முடிவில் குறிப்பை வாசிக்கச் சொன்னேன். "அந்த ஆண்டு கண்மாய் நிரம்பியது" என்று வாசித்தாள். பெரியவர் இடைமறித்தார்.

"நெறஞ்சுச்சுன்னு நான் சொல்லலையே தாயி. மறுகால் போச்சுன்னுதானே சொன்னேன்."

நிரம்பியது என்றால் கண்மாய் கொள்ளுமளவு நீர் வந்தது என்று மட்டுமே பொருள். மறுகால் போனது என்றால் உபரி நீர் கலுங்கு வழியே வெளியேறியது என்று பொருள். தென்மாவட்டக் கண்மாய்கள் பலவும் சங்கிலித்தொடராக அமைந்தவை. ஒன்றின் மறுகால்தான் அடுத்ததற்கு வரத்து. ஒரு சொல்லை மாற்றியதால் கீழே உள்ள ஊரின் செய்தியே விடுபட்டுப்போனது. தவறு மாணவியுடையது அன்று. "நல்ல தமிழில் எழுதுங்கள்" என்று புறப்படும்போது சொன்னது நான்தான்.

அடுத்த நேர்காணலுக்கு முன் வகுப்பில் இவற்றைப் பழக்கினேன்:

1. பக்கத்தை இரண்டாகப் பிரித்தல். இடப்பக்கம் அவர் சொன்னது. வலப்பக்கம் நாம் பார்த்தது, நமக்குத் தோன்றியது.

2. எல்லாவற்றையும் எழுத முயலாமை. பெயர், இடம், எண், தொழிற்சொல் ஆகியவற்றை அவர் சொன்னபடியே எழுதுதல். மற்றவற்றுக்குச் சுருக்கக் குறிப்பு.

3. "மூத்த மக பொறந்த வருசம்" என்றால் அப்படியே எழுதுதல். ஆண்டைப் பிறகு விசாரித்து வலப்பக்கம் குறித்தல்.

4. புரியாத சொல்லுக்குக் கேள்விக்குறி இட்டு, பேச்சு நின்றதும் கேட்டல்.

5. விடைபெறுமுன் வாசித்துக் காட்டுதல். அன்று மாலையே விரித்தெழுதுதல்.

செல்பேசியில் அனுமதி பெற்றுப் பதிவு செய்தாலும் குறிப்பு தேவை. பெரியவர் கையால் காட்டிய மடையின் திசை ஒலிப்பதிவில் இருக்காது.

கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களைத் திரட்டி அகராதியே தந்தார். நம் மாணவர்களின் குறிப்பேட்டிலும் அத்தகைய சொற்கள் சேரும், நாம் திருத்தாமல் விட்டால்.

மறுமுறை சென்றபோது அதே மாணவி வாசித்தாள். பெரியவர் ஓரிடத்திலும் இடைமறிக்கவில்லை. முடிவில், "நான் சொன்னதைத்தான் எழுதியிருக்க" என்றார். அவளுக்கு நான் அளித்த மதிப்பெண்ணைவிட அது பெரிது.